நெஞ்சுப் பட்டையில் ஒரு ஓட்டை

“லேபிள்ல எம் பேரு வரணும் பாய். வேற ஒண்ணும் கேக்கல.”

“கோகிலவாணின்னா? பையவிட லேபிள் பெருசா இருக்குமே தாயி.”

“கோகிலான்னு போட்டாப் போதும்.”

“ஹமீதுன்னு போட்டா ஆகாதோ? பட்டறை எம் பட்டறைதான?”

“பட்டறை ஒங்க பட்டறை. பை எம் பை. படம் போட்டது நான், வெட்டினது நான், நாலு தடவ பிரிச்சுப் பிரிச்சுத் தச்சது நான். நீங்க என்ன செஞ்சிய? ‘ஆரஞ்சுக் கலரா, ஆரு வாங்குவா’ன்னு கேட்டிய. அவ்வளவுதான் செஞ்சிய.”

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை விட்டு உள்ளே நுழையும் கல்லிச் சந்து ஒன்றில், ஏணி வைத்து ஏறும் மாடியில் இருக்கிறது ஹமீது பாயின் பைப் பட்டறை. ஆறு மெஷின். ஜன்னலை ஒட்டிய மெஷினில் கோகிலவாணி பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் பை, மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பெரிய பை என்று அவள் தைத்து அனுப்பியதெல்லாம் யார் யாருடைய பேரையோ நெற்றியில் ஒட்டிக்கொண்டு கடைக்குப் போயின. இந்த ஆரஞ்சுப் பை ஒன்றுதான் யாருடைய சாம்பிளையும் பார்க்காமல் அவளே நினைத்து அவளே தைத்தது. நாற்பது பை தைத்து அடுக்கியாகிவிட்டது. லேபிள் ஒட்டும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

“சரி, கேட்டுக்கோ. மாட்டுங்கா சாரு நாளைக்கு வாராரு. நாப்பதும் அவரு மலையேறுற கூட்டத்துக்குப் போச்சுன்னா நாப்பதுலயும் ஒம் பேரு. போகலன்னா பேச்சே கெடையாது.”

“சொன்ன சொல்லு மாற மாட்டியளே?”

“மேலப்பாளையத்துக்காரன் சொன்னா சொன்னதுதான்.”

“போன பெருநாளைக்குப் புது ஃபேன் மாட்டித் தாரேன்னிய.”

“அது ஃபேன். இது பேரு.”

மறுநாள் வந்தவர் பெயர் வேங்கடசுப்ரமணியன். பாங்கிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு சகியாத்ரி மலைக் கோட்டைகளுக்கு ஏறுவதுதான் இப்போது அவருக்கு வேலை. ஏணியின் ஒவ்வொரு படியையும் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே மேலே வந்தார்.

“மூணாவது படி ஆடறது. யாராவது கவனிச்சேளா?”

“இருவது வருசமா ஆடுது சார்,” என்றார் ஹமீது.

“அப்படின்னா இன்னிக்கு விழலாம்.”

பையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைப் போடச் சொல்லி முதுகில் மாட்டிக்கொண்டார். குதித்தார். குனிந்தார். கையில் இருந்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து, ஜிப், தையல், பட்டை, பக்கிள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு டிக் போட்டார்.

“வெயிட்டு தோள்ல இல்லையே! இடுப்புல உக்காந்துண்டிருக்கு. இடுப்புப் பட்டையை இவ்வளவு அகலமா வெக்க யார் சொல்லிக் குடுத்தா?”

“ஆரு சொல்லணும் சார்? தண்ணிக் கொடத்த தோள்லயா வைக்கோம்? இடுப்புலதான வைக்கோம்,” என்றாள் கோகிலவாணி.

“அது சரி. ஆனா நான் ரூம்ல நின்னுண்டு ‘ஓகே’ சொல்ற ஆள் இல்லை. ஞாயித்துக்கிழமை கர்ஜத் பக்கம் ஒரு கோட்டை ஏறறோம். தச்சவாளே இதைத் தூக்கிண்டு ஏறி இறங்கட்டும். அப்புறம் சொல்றேன்.”

“தச்சவுகளா?” ஹமீது முட்டியைத் தடவினார். “நான் கீழ இருந்து மேற்பார்வை பாத்துக்கிடுதேன் சார்.”

கோகிலவாணி தனியாகப் போவாளா? பட்டறையில் நூல் வெட்டி, பசை தடவி, பிசிறு தேய்த்துக் கடைசி மெருகு கொடுக்கிற முப்பிடாதியம்மாளையும் பெயர் கொடுக்க வைத்தாள். சனிக்கிழமை மதியம் சார் போனில் பேசி அனுப்பிய குரலை இருவரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“புது ஷூ வாங்காதேங்கோ,” என்றது போன். “காலைக் கடிக்கும். ஏற்கெனவே போட்டுப் பழகினது வேணும். ஆனா அடியில பல்லு தேஞ்சிருக்கக் கூடாது.”

“எனக்கே கடவாப் பல்லு தேஞ்சிருச்சு. ஷூவுக்கு நான் எங்ஙன போவேன்?” என்றாள் முப்பிடாதி.

“ஜீன்ஸ் வேண்டாம். நனைஞ்சா கனக்கும், சீக்கிரம் காயாது.”

“எனக்கா சொல்லுதாரு? நான் சேலைல்லா.”

“சேலையும் வேண்டாம்,” என்றது போன்.

“ஆத்தாடி! கேட்டுட்டாரு பாத்தியா!”

“மாத்துத் துணி ஒரு ஜதை, பிளாஸ்டிக் கவர்ல கட்டி. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. கனமான சாமான் பையோட நடுவுல, முதுகை ஒட்டி இருக்கணும். எந்த மலைக்குப் போறேள், எத்தனை மணிக்குத் திரும்புவேள்னு ஆத்துல ஒருத்தர்ட்ட எழுதிக் குடுத்துட்டு வாங்கோ.”

“எங்க வீட்டுல எழுதிக் குடுத்தா அதுல வடை எண்ணெயத் தொடைச்சுப் போட்டுருவாவ,” என்றாள் முப்பிடாதி. “வாயால சொல்லிட்டு வாரேன். பிள்ளையோட சுடிதார் ஒண்ணு கெடக்கு. இடுப்புதான் அதுக்கு என்னைய விடப் பெருசு. ஊக்கு குத்திக்கிட்டாச் சரியாப் போவும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை குர்லா ஸ்டேஷனில், கர்ஜத் வண்டிக்கு முன்பாகவே பை சோதனை நடந்தது. முப்பிடாதியின் பையைத் தூக்கிப் பார்த்த சார் உடனே கீழே வைத்துவிட்டார்.

“என்னம்மா வெச்சிருக்கேள்?”

“எல்லாம் வேண்டியதுதான் சார்.”

“இது?”

“காத்தடிக்கிற தலாணி.”

“இது?”

“போர்வை. வண்டியில குளிரும்லா.”

“ஒன்பதரைக்கு மலை அடிவாரத்துல இருப்போம்! இது என்ன, புளிசாதமா? எத்தனை பேருக்கு?”

“ஒரு எட்டுப் பேருக்கு வரும். முறுக்கு தனி.”

“இந்த இரும்புச் சங்கிலி?”

“பையக் கட்டிப்போட. பூட்டும் கொண்டாந்திருக்கேன்.”

“மலைல எதுல கட்டுவேள்?”

“மரம் இருக்கும்லா சார்? இல்லாத ஊரா?”

இரண்டு ராத்திரி ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்ப் போய்க் கை பழகியவர்களுக்கு, ‘ஊரை விட்டு வெளியே’ என்றாலே அந்த ஒரு மூட்டைதான் கட்ட வரும். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் பையிலும் ஒரு போர்வை இருந்ததால் சிரிக்கவில்லை.

தலையணை, போர்வைகள், சங்கிலி, பூட்டு எல்லாம் அடிவாரத்து டீக்கடையில் ஹமீது பாயின் பொறுப்புக்குப் போயின. அவர் அவற்றுக்கு நடுவே, டிக்கெட் உறுதியாகாத பயணி போல உட்கார்ந்துகொண்டார்.

“பாய், சங்கிலிய பெஞ்சுல கட்டிக்கோங்க,” என்றாள் முப்பிடாதி.

“யாரை? என்னையா?”

சார் கூட்டத்தை வட்டமாக நிறுத்தினார். மொத்தம் இருபத்தாறு பேர். முதலில் இந்தியில் சொல்லி, பிறகு இவர்கள் இருவருக்காகத் தமிழிலும் சொன்னார்.

“எனக்கு முன்னாடி யாரும் போகக் கூடாது. கடைசில வர்ற பச்சைத் தொப்பிக்காரருக்குப் பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பறோம். உச்சி எங்கேயும் ஓடிப் போகாது, அடுத்த வாரமும் இருக்கும். ஓடையில தண்ணி முழங்காலுக்கு மேல வந்தா தாண்டக் கூடாது. விளிம்புல நின்னு செல்ஃபி எடுக்கறவா செல்போனை நானே கீழ போட்டுடுவேன்.”

“நல்ல மனுசன்,” என்றாள் முப்பிடாதி.

“முக்கியமானது. வழி தப்பிடுத்துன்னா நடக்காதேங்கோ. நின்ன எடத்துலயே உக்காருங்கோ. நெஞ்சுப் பட்டையில இருக்கற பக்கிளே ஒரு விசில். மூணு தடவை ஊதணும். ஒரு நிமிஷம் நிறுத்தணும். மறுபடி மூணு. கத்தினா தொண்டை கட்டிடும், விசிலுக்குக் கட்டாது. இப்ப ஊதாதேங்கோ, சும்மா ஊதிண்டே இருந்தா நெஜமா ஊதறப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டா. கையை வெச்சு எங்க இருக்குன்னு மட்டும் பாத்துக்கோங்கோ.”

இருபத்தாறு பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள். கோகிலவாணி வைத்த கையை எடுக்கவில்லை.

“யக்கா. இது விசிலா?”

“எது?”

“பக்கிளு. இதுல ஒரு ஓட்டை இருந்துச்சுல்லா.”

“இருந்துச்சு. அதத்தான் அடைச்சாச்சே. ‘டிஃபெக்ட் மால் வந்திருக்கு, ஒட்டுற சொலூஷன வச்சு அடைங்கக்கா’ன்னு நீதான சொன்ன?”

“நாப்பதுலயுமா?”

“நாப்பதுலயும். ரெக்ஸின் தூளக் கொழைச்சு, உள்ள வரைக்கும் திணிச்சு, மேல தேய்ச்சு. நீ வெரலால தடவிப் பாத்துட்டு ‘இப்பதாங்க்கா பினிஷிங்’ன்ன.”

மஸ்ஜித் பந்தர் மொத்தக் கடையிலிருந்து வந்த பக்கிள் மூட்டையைப் பிரித்த அன்று, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வாயும் மேலே ஒரு கீறலும் இருந்ததைப் பார்த்து, அச்சில் விழுந்த பழுது என்றே கோகிலவாணி முடிவு கட்டினாள். பத்தொன்பது வருடமாகப் பை தைக்கிறவள் ஒருநாளும் பையை மாட்டிக்கொண்டு எங்கும் போனதில்லை. ஓட்டை தெரிந்தால் கடைக்காரன் திருப்பி அனுப்புவான். அது மட்டும் அவளுக்குத் தெரியும்.

“சாருட்டச் சொல்லிரவா?”

“எதுக்கு? லேபிள் வேண்டாமா ஒனக்கு? இத்தன பேரு போறோம், இவ்வளவு பெரிய மலையில நம்ம ரெண்டு பேருதானா தொலையப் போறோம்?”

“சத்தம் போடாதீய.”

“நான் எங்க போடுதேன்? ஒம் பைதான் போடாது.”

ஏற ஆரம்பித்த பிறகு கோகிலவாணிக்கு அந்த நினைப்புக் கொஞ்சம் மறந்தது. காரணம், பை. சேறு வழுக்கியது, மழை தூறியது. பை மட்டும் தொந்தரவே தரவில்லை. முன்னால் போன பெண் விலை உயர்ந்த சாம்பல் நிறப் பையைத் தோளில் மாற்றி மாற்றி இழுத்துவிட்டுக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்து இந்தியில் கேட்டாள்.

“ஆன்ட்டி, இது எந்த கம்பெனி?”

“மேரா,” என்றாள் கோகிலவாணி, என்னுடையது என்ற அர்த்தத்தில்.

“மேராவா? கேள்விப்பட்டதே இல்லையே.”

“அடுத்த வாரம் கேப்ப,” என்றாள் முப்பிடாதி தமிழில்.

பதினொன்றே காலுக்கு உச்சி. எட்டுப் பேருக்கான புளிசாதம் இருபத்தாறு பேருக்குப் போதவில்லை என்று ஆகிவிட்டது. சார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இருந்தாலும் வெயிட்டு ஜாஸ்தி,” என்றார். பன்னிரண்டு மணிக்குச் சொன்னபடியே எல்லோரையும் இறக்கினார்.

வினை பாதி வழியில், சமதளமாக விரிந்த ஒரு புல்வெளியில் நின்றிருந்தது.

“ஏளா, தகரைக் கீரை! அங்ஙன பாரு, பாத்தி கட்டுன மாரி!”

“வாங்கக்கா, சாரு போயிட்டே இருக்காரு.”

“ஒரு கை. மழைத் தண்ணி குடிச்ச எளங்கீரை. சயான் மார்க்கெட்டுல இப்படி எங்க கெடைக்கி?”

பச்சைத் தொப்பிக்காரர் அப்போது ஒரு பையனின் ஷூக் கயிற்றைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை, இரண்டு கை ஆனது. அந்தச் செடி, அதற்கு அடுத்த செடி என்று முப்பிடாதி குனிந்தபடியே நகர, கோகிலவாணி அவள் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு போனாள். நிமிர்ந்தபோது மேகம் இறங்கியிருந்தது. புல்வெளி இல்லை, வழி இல்லை, ஆள் இல்லை. எல்லாம் வெள்ளை.

“சா…ர்!”

பக்கத்தில் எங்கோ அருவி இரைந்தது. கூப்பிட்ட குரல் அந்த இரைச்சலில் கரைந்துபோயிற்று. போனில் ஒரு கோடு கூட இல்லை.

“எறங்குவோம் கோகிலா. எறங்கினா கீழதான போவோம்?”

“ரொம்ப வேகமாக் கீழ போயிருவோம். நில்லுங்க.” கோகிலவாணி ஒரு கல்லை எடுத்து முன்னால் எறிந்தாள்.

இருவரும் காத்திருந்தார்கள்.

“விழுந்த சத்தம் கேக்கலயே,” என்றாள் முப்பிடாதி.

“கேக்கலக்கா.”

“மெத்துன்னு புல்லுல விழுந்திருக்கும்.”

“அப்ப நீங்க போய்ப் பாருங்க.”

முப்பிடாதி பொத்தென்று உட்கார்ந்தாள். கோகிலவாணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஊது,” என்றாள்.

கோகிலவாணி குனிந்து நெஞ்சுப் பக்கிளை வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது. சத்தம் இல்லை. முப்பிடாதி தன்னுடையதை ஊதினாள். அதிலும் இல்லை.

“நல்லா அடைச்சிருக்கிய.”

“நீதான நல்லா அடைக்கச் சொன்ன!”

“எல்லாத்துலயும் மெத்தனம். இதுல மட்டும் என்ன இவ்வளவு சுத்தம்?”

“ஏட்டி, நம்ம சண்டைய அப்புறம் போடுவோம். குத்தி எடு அத.”

கோகிலவாணி வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். சொலூஷன் கல்லாக இருந்தது. ஊக்கு வளைந்தது, பிறகு உடைந்தது.

“வேற ஊக்கு?”

முப்பிடாதி வேறு பக்கம் பார்த்தாள்.

“யக்கா, ஒங்ககிட்ட இருக்கா இல்லையா?”

“இருக்கு. இடுப்புல இருக்கு.”

“குடுங்க.”

“அத எடுத்தா சுடிதார் நிக்காதுளா!”

“இந்த மேகத்துல ஆரு பாக்கப் போறா?”

“மேகம் வெலகிச்சுன்னா?”

“வெலகிச்சுன்னா வழி தெரிஞ்சிருமே. ஒரு கையால பிடிச்சிக்கிட்டு எறங்குங்க.”

முப்பிடாதி ஊக்கைக் கொடுத்தாள். ஒரு கையால் இடுப்பையும், மறுகையால் கோகிலவாணியின் பையையும் பிடித்துக்கொண்டாள். அது பெரிய ஊக்கு, கொண்டை கனத்தது. கோகிலவாணி பக்கிளைப் பட்டையோடு திருப்பி வைத்துக்கொண்டு, பிசிறுத் தையலைப் பிரிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து கிளறினாள். கறுப்பாகச் சுருள் சுருளாக வந்தது. ஊதினாள். புஸ்ஸென்றது. மறுபடி கிளறினாள். ஊதினாள். கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம்.

“வருது, வருது! இன்னும் உள்ள திணிச்சேன், அடியில பாரு!”

மூன்றாவது தடவை ஊதியதும் விசில் வீரிட்டது. இருவருமே பயந்துபோனார்கள்.

“மூணு,” என்றாள் முப்பிடாதி. “மூணு ஊதிட்டு நிறுத்து.”

ஊதினாள். நிறுத்தினாள். ஊதினாள். நிறுத்தினாள். எத்தனை மூன்று என்று இருவரும் எண்ணவில்லை. கடைசியில் வலது பக்கத்து வெள்ளைக்குள்ளிருந்து, தூரத்தில் ஒரு விசில் பதில் சொன்னது.

“நகராதேங்கோ! ஊதிண்டே இருங்கோ, நான் வரேன்!”

சார் கழியால் தரையைத் தட்டித் தட்டி வந்தார். வந்தவர் முதலில் இவர்களைப் பார்க்கவில்லை. இவர்களைத் தாண்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஏழெட்டு அடி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை,” என்றார். கழியைத் தரையில் கிடத்தினார். “நல்லவேளை, சொன்னபடி உக்காந்தேள். நல்லவேளை, விசில் இருந்தது.”

கோகிலவாணி வாயைத் திறந்தாள். முப்பிடாதி அவள் தொடையில் கிள்ளினாள், இடுப்பைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு. உடனே மறுபடி பிடித்துக்கொண்டாள்.

அடிவாரத்தில் ஹமீது பாய் எழுந்து ஓடி வந்தார். நடந்ததைச் சார் சொல்லச் சொல்ல, அவர் முகம் முதலில் வெளுத்து, பிறகு மலர்ந்தது.

“அப்ப எங்க பைதான் காப்பாத்திச்சுன்னு சொல்லுங்க சார்!”

“அதுல சந்தேகமே இல்லை. நாற்பதும் எடுத்துக்கறேன். புதன்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன். இந்த அம்மா பேரைத்தான் போடப் போறதாச் சொன்னேளே, தாராளமாப் போடுங்கோ.”

“கோகிலா, கேட்டியா? ஒம் பேரு!” ஹமீது டீக்கடைக்காரரிடம் எல்லோருக்கும் டீ சொன்னார்.

கோகிலவாணி டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தாள். முப்பிடாதி அவளைத் தலையணைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“வாயத் தொறக்காத. இன்னைக்கு ஞாயிறு. புதனுக்குள்ள நாப்பதையும் குத்தி எடுத்துருவோம். ஆருக்குத் தெரியும்?”

“எல்லாத்துலயும் வந்துருமா சொலூஷன்?”

“வரும்.”

“வரலன்னா?”

“வராதது ஒண்ணோ ரெண்டோ.”

“அந்த ஒண்ண மாட்டிக்கிட்டு ஆராச்சும் அந்த எடத்துல போய் உக்காந்தா? அது நெத்தியில எம் பேரு இருக்குமேக்கா.”

கோகிலவாணி நேராக சாரிடம் போனாள்.

“சார், அந்த விசிலு ஊதல.”

“ஊதித்தே. நான்தான் கேட்டேனே.”

“நான் ஊக்க வச்சுக் குத்தினதுக்கு அப்புறந்தான் ஊதிச்சு. நாப்பதுலயும் நாங்க சொலூஷன் வச்சு அடைச்சுட்டோம்.”

“அடைச்சேளா? எதுக்கும்மா?”

“ஓட்டையா இருந்துச்சு சார். அசிங்கமா இருந்துச்சு. விசில்னு தெரியாது.”

ஹமீது பாய் டீ கிளாஸை நெற்றியில் வைத்துக்கொண்டார். “தாயி, இத மூணு நாள் கழிச்சுச் சொல்லப்படாதா?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட பட்டியலை எடுத்து விரித்தார்.

“காலையிலயே சொல்லியிருக்கணும் நீங்க. மலை ஏறறதுக்கு முன்னாடி.”

“ஆமா சார். லேபிளுக்கு ஆசப்பட்டுச் சொல்லல.”

“தப்பு. பெரிய தப்பு.” அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க பாருங்கோ. ‘விசில்’னு போட்டிருக்கு. பக்கத்துல டிக் இருக்கு. நான் போட்ட டிக். அன்னிக்கு ஒரு தடவை ஊதிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல. உருவத்தைப் பாத்தேன், இருக்குன்னு டிக் போட்டுட்டேன். ஊர் பூரா லெக்சர் குடுக்கறேன் நான்.”

“அப்ப நம்ம ரெண்டு பேரும்தான் சார்,” என்றாள் கோகிலவாணி.

அவர் அதை ரசித்ததாகத் தெரியவில்லை. பேனாவை எடுத்து ‘விசில்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார்.

“புதன்கிழமை வரேன். நாற்பதையும் என் காதால கேக்கணும். ஊதறதை எடுத்துப்பேன். ஊதாததை எடுக்க மாட்டேன்.”

மூன்று நாளும் பட்டறையில் வேறு வேலை ஓடவில்லை. தின்னரில் நனைத்த பஞ்சு, செருப்புத் தைக்கிற ஊசி, முப்பிடாதியின் பெரிய ஊக்கு. கோகிலவாணி கிளறுவாள், முப்பிடாதி கழுவுவாள், சத்தம் வருகிறதா என்று ஹமீது பாய் ஊதிப் பார்ப்பார். திங்கட்கிழமையே கல்லி முழுக்கப் புகார் கிளம்பிவிட்டது. கீழ்வீட்டு ஷைஸ்தா ஏணியடியில் வந்து நின்றாள்.

“பாய், நீங்க மூணு ஊதினதும் எங்க கல்லியில நாலு வீட்டுல குக்கர எறக்கிட்டோம். அம்புட்டுப் பருப்பும் நறுக்கு நறுக்குன்னு கெடக்கு!”

“இனி அஞ்சு ஊதுதேன் தாயி, நல்லா வேவட்டும்.”

“நீங்க ஊதவே வேண்டாம்!”

செவ்வாய்க்கிழமை மாலை லேபிள் கட்டு வந்தது. கறுப்புத் துணியில் ஆரஞ்சு நூலால் நெய்த ‘கோகிலா’. ஹமீது பாய் சொன்ன சொல் மாறவில்லை. கோகிலவாணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு நாற்பதையும் ஒரே மூச்சில் தைத்தாள்.

புதன்கிழமை சார் வந்து மூன்றாவது படியைத் தாண்டி ஏறினார். தரையில் விரித்த பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகக் கேட்டார். கோகிலவாணி ஊதினாள். பன்னிரண்டாவது பையில் அவளுக்குத் தலை சுற்றியது, முப்பிடாதி வாங்கிக்கொண்டாள். இருபத்தைந்தில் அவளுக்கும் சுற்றியது, சார் தானே ஊத ஆரம்பித்தார். ஒவ்வொரு பையிலும் வேறு பஞ்சு வைத்துத் துடைத்துவிட்டுத்தான் ஊதினார். முப்பத்தொன்பது பை வீரிட்டன.

நாற்பதாவது பையை ஊதியபோது ஒரு மெல்லிய கீச்சுக் குரல் வந்தது.

“கேக்கறது,” என்றார் சார்.

“கேக்குது சார், நல்லாவே கேக்குது,” என்றார் ஹமீது.

“கொஞ்சம் மெதுவா இருக்கு. ஆனா கேக்கறது. நாற்பது. ஓகே.” பேனாவைத் திறந்தார்.

“இங்ஙன கேக்கு சார்,” என்றாள் கோகிலவாணி. “அங்ஙன, அந்த அருவிச் சத்தத்துல, இது கேக்குமா?”

பேனா நின்றது.

“கேக்காது,” என்றார் சார்.

“ஏ தாயி, அவரே ஓகேங்காரு!” ஹமீது எழுந்துவிட்டார். “நாப்பது கேட்டாரு, நாப்பது இருக்கு, நாப்பதுலயும் ஒம் பேரு இருக்கு. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?”

“வேற பக்கிள் வாங்கியாங்க பாய். மாத்தித் தாரேன்.”

“அது வரைக்கும்?”

கோகிலவாணி அந்தப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து, முந்தின நாள் தைத்த லேபிளின் ஒரு முனையில் நுழைத்தாள்.

“ஒரு லேபிள்தானேளா, இருந்துட்டுப் போவட்டும்,” என்றாள் முப்பிடாதி.

“மத்தவுக பேருன்னா நானும் விட்டிருப்பேங்க்கா.”

நூல் ஒவ்வொன்றாக அறுந்தது.